ஊதா விளக்கின் கீழ் ஒரு துளி

என்னுடைய பழைய குறிப்புத் தாள் ஒன்றில் இப்படி இருக்கிறது: "ஐப்பசி, செவ்வாய், மழை. ஆண் குழந்தை, பிறந்து ஐந்தாம் நாள். ரத்தம் டிக்காஷன் நிறம். துளி ஒளிர்ந்தது. மேடம் மாடிக்குப் போனார்."

ஆண்டு இல்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை குறிப்பு எழுதியவன் நான். பால் விலை ஏறிய நாள்கூட என்னிடம் இருக்கிறது. இந்தத் தாளில் மட்டும் ஆண்டை விட்டிருக்கிறேன். அடுத்த வரியில், "தி. நகர் முழுக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் தாமதம்" என்று உள்ளது. அதைக்கொண்டு ஆண்டைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஆண்டுக்கும் பொருந்தும்.

இந்தத் தாளைத் தேடி எடுக்கக் காரணம் நித்யா. மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் இடையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவர். போன மாதம் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், புது மெஷின் வந்திருக்கு. முழு உடல் பரிசோதனையோட சேர்த்து ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு ஒரு நம்பர் குடுக்குது. ரிப்போர்ட் வாங்கினவங்க எல்லாம் எனக்கு போன் பண்ணி, இது நல்லதா கெட்டதான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"எனக்குத் தெரியலையே நித்யா."

"அதையே எழுதிக் குடுங்க சார். நம்ம ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்குக் கட்டுரை வேணும்."

எழுத உட்கார்ந்தால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஐப்பசிச் செவ்வாய்தான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணாடிக் குழாய் கழுவினேன், ஊசி பிடித்தேன், பிறந்த குழந்தையின் குதிகாலில் அழுகை அதிகமில்லாமல் ரத்தம் எடுக்கும் கை எனக்கு வாய்த்தது. அதனால் பச்சைக் குழந்தைகள் எல்லாம் என் பொறுப்பு என்றாயிற்று. மற்றதை எல்லாம் டாக்டர் விசாலத்திடம் கற்றேன்.

அவர்தான் எங்கள் கூடத்தின் தலைவர், எங்களுக்கு மேடம். மயிலாப்பூர்க்காரர். காலையில் நுழைந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைப்பார். மாலை அதைக் கட்டிக்கொள்ளும் வரை யாரோடும் ஊர்க்கதை கிடையாது. வார்டிலிருந்து டாக்டர்கள் தொலைபேசியில் முடிவு கேட்டால், எண்ணை இரண்டு முறை படிக்க வேண்டும், எதிரே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிக் கேட்க வேண்டும், வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது.

"நம்பரைச் சொல்லு. அர்த்தத்தைச் சொல்லாதே. அர்த்தம் பாக்க மாடியில ஆள் இருக்கா" என்பார். தானும் அப்படித்தான். அந்தச் செவ்வாய் வரை அவர் வார்டுக்கு ஏறிப் போய் நான் பார்த்ததில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் பரிசோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் ஒன்று வேண்டும். அதற்கு அவர் எங்கள் யாரையும் கேட்க மாட்டார். தன் இடது மோதிர விரலைத் தானே குத்திக்கொள்வார். அந்த விரல் நுனி காய்த்துப் போயிருக்கும்.

அந்தச் செவ்வாய் காலை குழந்தை வார்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போன குழந்தை, மஞ்சள் காமாலையோடு திரும்பி வந்திருந்தது. பிறந்த குழந்தைக்குக் கொஞ்சம் மஞ்சள் எல்லா வீட்டிலும் உண்டு. இது அப்படி இல்லை. கண்ணைக் கட்டி நீல விளக்கின் அடியில் கிடத்தியிருந்தார்கள். தோல் மஞ்சள், உதடும் நகமும் சாம்பல் நிறம். ஆக்ஸிஜன் கொடுத்தும் சாம்பல் மாறவில்லை. குழந்தையிடமிருந்து கழற்றிய சட்டையைக் குழந்தைகள் டாக்டரம்மா முகர்ந்துகொண்டிருந்தார்.

"இந்தச் சட்டை எங்கேருந்து வந்தது?"

பக்கத்தில் நின்ற பெண்மணி முன்னால் வந்தார். குழந்தையின் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. பெயரைச் சண்முகத்தாய் என்று மாற்றியிருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி. நகரில் ஜவுளிக்கடை.

"நாந்தான் கொடுத்தேன். எங்க வீட்டுல பிறந்த பிள்ளைக்கு மொதல்ல புதுத்துணி உடுத்த மாட்டோம் டாக்டர். நல்லா வளந்த பிள்ளையோட பழைய சட்டையத்தான் போடுவோம். இது எம்மவன் சட்டை. பாச்சை உருண்டை போட்டு பீரோவுல வச்சிருந்தேன். ஒரு பூச்சி அரிக்கல, பாத்துக்கிடுங்க."

"போடறதுக்கு முன்னாடி துவைச்சீங்களா?"

"துவைச்சுத்தான உள்ள வச்சேன்."

"வெளியே எடுத்த பிறகு?"

டாக்டரம்மா அந்தத் துணிகளை எல்லாம் வார்டுக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னார். சண்முகத்தாயின் முகத்தில் இருந்த பெருமை மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன். வார்டில் இருந்த அவருடைய உறவினர்களும் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். நம் சிவப்பணுக்களை ஆக்ஸிஜனே அரிக்கும். அந்த அரிப்பைத் தாங்கிக்கொள்ள ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஒரு நொதி வேலை செய்கிறது. அதன் பெயரைச் சுருக்கி ஜி6பிடி என்போம். சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. தாய் வழியாக மகனுக்கு வரும். சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது. பாச்சை உருண்டை வாசனையோ சில மாத்திரைகளோ உள்ளே போனால் அரிப்பு ஒரேயடியாக ஏறி, அணுக்கள் உடைந்து கொட்டும். மிஞ்சும் ரத்தமும் பழுப்பாகி ஆக்ஸிஜனைச் சுமக்காது. உடைந்ததில் வரும் மஞ்சள், குழந்தையின் மூளைக்கு ஏறினால் ஆயுளுக்கும் சேதம். உயிரும் போகலாம்.

ரத்தம் எடுப்பதற்காக நான் குழந்தையின் குதிகாலைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தேன். தாய் செல்வி, கட்டிலில் இருந்தபடியே மெதுவாகக் கூப்பிட்டார். பெரியம்மா அப்போது வாசலில் நின்றிருந்தார்.

"சார், என் தம்பி சிந்தாதிரிப்பேட்டையில ஒரு கடையில வேல பாத்தான். மலேரியா காய்ச்சல்னு மாத்திரை கொடுத்தாவ. மறுநாள் ஒண்ணுக்கு காப்பி மாரி போச்சு. ஆளே மஞ்சளாயிட்டான். அப்புறம் சரியாயிட்டு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

"என்ன மாத்திரைன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது. அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீய. என் வீட்டு ரத்தம்தான் கெட்ட ரத்தம்னு ஆயிரும்."

கீழே வந்து மேடத்திடம் அப்படியே சொன்னேன். "ம்" என்றார். எங்கள் உதவியாளர் மணி, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட மூத்தவர்.

"இன்னா சார் இது, டிக்காஷன் மாதிரி கீது?"

வடிதாளில் மேடம் தன் விரல் ரத்தத்தில் ஒரு துளி வைத்தார். பக்கத்தில் குழந்தையின் துளி. மேடத்தினுடையது காற்றுப் பட்டுச் சிவந்தது. குழந்தையினுடையது பழுப்பாகவே நின்றது.

அடுத்து நொதிப் பரிசோதனை. இப்போது அதற்கு மெஷின் இருக்கிறது. அன்று செய்த முறையை எழுதி வைக்கிறேன். மருந்து நீரில் ரத்தத்தைக் கலந்து உடனே ஒரு துளியை வடிதாளில் வைக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, இன்னும் கொஞ்சம் பொறுத்து மூன்றாவது. நன்றாகக் காய்ந்த பிறகு தாளை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். நொதி இருந்தால் துளி ஒளிரும், ஒன்றைவிட அடுத்தது பிரகாசமாக. இல்லாவிட்டால் மூன்றும் இருட்டு.

மேடத்தின் துளிகள் வரிசையாக ஒளிர்ந்தன. குழந்தையின் முதல் துளி இருட்டு. இரண்டாவது மங்கல். மூன்றாவது ஒளிர்ந்தது. மேடத்தினுடையதைவிட ஒரு படி குறைவுதான், ஆனால் ஒளிர்ந்தது.

"ஒளிருது மேடம்" என்றேன்.

மணியும் தலையை நுழைத்துப் பார்த்தார். "நல்லாத்தான எரியுது."

மேடம் போர்வைக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தொலைபேசி மணி அடித்தது. மாடியிலிருந்து குழந்தைகள் டாக்டரம்மா. பழுப்பு ரத்தத்தைச் சிவப்பாக்க ஒரு நீல மருந்து உண்டு, ஊசியில் ஏற்றித் தயாராக வைத்திருந்தார். நொதி இருந்தால்தான் அந்த நீலம் வேலை செய்யும். நொதி இல்லாத உடம்பில் அதே நீலம் இன்னும் அணுக்களை உடைக்கும். ஆகவே அவர் கேட்டது ஒரே கேள்வி: ஜி6பிடி என்ன?

மேடம் வழக்கப்படி, "இயல்பு, இயல்பு" என்று இருமுறை சொல்லி வைத்திருக்க வேண்டும். ஆனால், "கொஞ்சம் இருங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அணுக்கள் அடியில் படிய இயந்திரத்தில் சுழற்றி எடுத்த குழாயைக் கையில் எடுத்தார். மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர், செம்பருத்தி நிறத்தில் இருந்தது.

"கிண்டி ஸ்டேஷன்ல டிக்கெட் இல்லாதவா எல்லாம் இறங்கி ஓடிப்போயிடறா. அதுக்கப்புறம் செக்கர் ஏறிப் பாக்கறார். எல்லார் கையிலயும் டிக்கெட் இருக்கு. அவர் என்னன்னு எழுதுவார்?"

மணி சிரித்துவிட்டார்.

"நீ சிரிக்காதே. இறங்கி ஓடறவனே நீதான்."

"அது போன வருசம் மேடம். இப்ப சீசன் வெச்சிக்கினுதான் போறேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நொதி இல்லாத அணுக்கள் எல்லாம் உடைந்து அந்தச் சிவப்பு நீரில் கரைந்திருக்கலாம். எங்கள் துளியில் மிஞ்சியவை புதிதாகப் பிறந்த அணுக்கள். புதியவற்றில் எப்போதுமே நொதி சற்று அதிகம். ஒளிர்வது அவை. அல்லது, குழந்தைக்கு உண்மையிலேயே நொதி சரியாகத்தான் இருக்கிறது, அளவுக்கு மீறிய பாச்சை உருண்டை மட்டுமே காரணம். பச்சைக் குழந்தைக்கு அதுவும் நடக்கக்கூடியதுதான். இரண்டில் எதைச் சொன்னாலும் அந்தத் துளி மறுக்காது.

"அந்தத் தம்பி விஷயம் நிஜமாத்தான் இருக்குமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலை மேடம். மலேரியா முத்தினாலே ஒண்ணுக்குக் கறுக்கும்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

"ஆமா" என்றவர், குழாயையும் தாளையும் என்னிடம் கொடுத்து, "எடுத்துண்டு வா" என்று படியேறினார். கைக்கடிகாரம் மேசையிலேயே கிடந்தது.

வார்டில் நீல ஊசி தட்டில் இருந்தது. டாக்டரம்மாவுக்கு மேடத்தை நேரில் பார்த்ததில் ஆச்சரியம்.

"நார்மல்தானே மேடம்?"

"ரிப்போர்ட் நார்மல்தான். எனக்குத்தான் நம்பிக்கை இல்லை. நீலம் வேண்டாம். ரத்தத்தை மாத்திடுங்கோ."

"அதுலயும் ஆபத்து இருக்கு மேடம். இத்தனூண்டு குழந்தை. ரிப்போர்ட் நார்மல்னு இருக்கும்போது நான் எந்தக் காரணத்தைச் சொல்லி மாத்தறது?"

ஒரு பக்கம் சண்முகத்தாய் நின்றார். கட்டிலில் செல்வி, மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம், செல்வியின் தம்பியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. என் கையிலிருந்த குழாயை வாங்கி டாக்டரம்மாவின் முன் நீட்டினார்.

"இதைப் பாருங்கோ. உடைஞ்சு போனது எது, மிஞ்சினது எதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியலை."

"இதை எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

நின்றபடியே எழுதிக் கொடுத்தார். நீல ஊசி அப்படியே திரும்பிப் போனது. தொப்புள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் ரத்தத்தை எடுத்து, கொடையாளியின் ரத்தத்தை ஏற்றினார்கள். இடையிடையே மாதிரி எடுத்து வந்து நான் பார்த்தேன். மாலைக்குள் குழாயில் ரத்தம் ரத்தமாகத் தெரிந்தது. உதட்டில் சிவப்பு வந்தது. மணி வார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கத்திக்கினு கீறான் மேடம், நல்லா கத்தறான்" என்றார்.

மேடம் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே சொன்னது என் குறிப்பில் உள்ளது: "குழந்தை பொழைச்சது வேற. நான் சரியாச் சொன்னேனாங்கறது வேற."

அறிக்கையில் 'இயல்பு' என்று தட்டச்சாகி இருந்தது. அதன் கீழே மேடம் கையால் எழுதினார்: செல்கள் சிதையும் வேளையில் எடுத்த முடிவு, இதை நம்ப வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவும். உடனே பார்த்துப் பயனில்லை. குழந்தையின் உடம்பில் ஓடியது இன்னொருவர் ரத்தம்.

வீட்டுக்குப் போகும் நாளன்று சண்முகத்தாய் பிளாஸ்டிக் பையோடு எங்கள் கூடத்துக்கு வந்தார். உள்ளே அந்தச் சின்னச் சட்டைகள்.

"இதுல வெஷம் இருக்கா இல்லையான்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க."

"துணிக்கு இங்க டெஸ்ட் கிடையாதும்மா" என்றேன்.

"அப்ப ரத்தத்துல என்ன வந்திச்சு?"

மேடம்தான் பதில் சொன்னார். "நார்மல்னு வந்திருக்கு. ஆனா அது நிச்சயம் இல்லை. எனக்குத் தெரியலைம்மா. மூணு மாசம் கழிச்சுக் குழந்தையை அழைச்சுண்டு வாங்கோ."

"படிச்ச நீங்களே தெரியலன்னா நான் யாருகிட்ட போயிக் கேப்பேன்? வீட்டுல எல்லாரும் என்னைய ஒரு மாரிப் பாக்காவ. நார்மலா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க."

மேடம் ஒரு சட்டையை எடுத்து முகர்ந்தார். மடித்துத் திரும்ப வைத்தார். "வெயில்ல நன்னாக் காயப்போட்டு, துவைச்சு, அப்புறம் போடுங்கோ. நல்ல துணி."

மூன்று மாதம் கழித்து யாரும் வரவில்லை. மேடம் இரண்டொரு முறை என்னிடம் கேட்டார். பிறகு ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் காலமானார்.

அதன் பிறகு ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்கிற இந்த அரிப்பு சமாசாரத்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. ஆக்ஸிஜனின் அரிப்புதான் சர்க்கரை நோய், மாரடைப்பு, முதுமை எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது என்றார்கள். தி. நகர் மருந்துக்கடைகளில் அதற்கெதிரான மாத்திரைகள் அடுக்கிவைத்தார்கள், நானும் வாங்கி விழுங்கினேன். பிறகு அதே அரிப்பைக்கொண்டுதான் உடம்பு கிருமியைக் கொல்கிறது, அடியோடு அடக்கினால் தப்பு என்று படித்தேன். நைட்ரிக் ஆக்ஸைடு என்று ஒரு வாயு நம் ரத்தக் குழாயின் சுவரிலேயே ஊறி, குழாயைத் தளர்த்துகிறது. உடைந்த அணுக்களிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபின் அதைப் பறித்துக்கொண்டால் குழாய்கள் இறுகும். அந்தக் குழந்தையின் கை சில்லிட்டிருந்தது அதனாலும் இருக்கலாம் என்று மேடம் முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார். ஆனால் அதே நைட்ரிக் ஆக்ஸைடு, அரிக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் இரண்டையும்விடப் பொல்லாத ஒன்றாக மாறிப் புரதங்களைக் கெடுக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் நான் வைத்துக்கொள்ளும் மாத்திரையும் உடம்பில் அந்த வாயுவைத்தான் தருகிறது. நல்லதா கெட்டதா என்று டாக்டரிடம் கேட்டேன். "வலி போச்சா?" என்றார். போனது. நித்யாவுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எங்கே, எப்போது, எதனோடு என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதைத்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இந்த ஆடித் தள்ளுபடியின்போது வேட்டி வாங்கத் தி. நகர் போனேன். நெரிசலில் ஏதோ ஒரு கடைக்குள் தள்ளப்பட்டேன். வேட்டி எடுத்து, பில் போட்டுக்கொண்டு கல்லாவுக்கு வந்தேன். கல்லாவில் இருந்த அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார்.

"லேப் சாரு இல்ல நீங்க?"

சண்முகத்தாய். முடி வெளுத்திருந்தது. உள்ளே சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்தார், செல்வி. உயரமான இளைஞன் ஒருவன் ஒரு துணிக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

"இவன்தான் அந்தப் பய. ஒடிசாவுக்குக் கொள்முதல் பாக்கப் போறான். கைத்தறிச் சேலை. உள்ளடங்குன கிராமம் வரைக்கும் போவணும். அங்கன மலேரியா சாஸ்தியாம், காய்ச்சல் வந்தா முழுங்க மாத்திரை வாங்கி வச்சிருக்கோம்."

நான் கல்லாவை ஒட்டி நகர்ந்தேன். "அம்மா, எந்த மாத்திரைக்கும் முன்னாடி அந்த டெஸ்டைத் திரும்பப் பண்ணிடுங்க. அன்னிக்கு மூணு மாசத்துல வரச் சொன்னாங்களே."

"அதான் நார்மல்னு வந்துட்டே சார். லேமினேட் பண்ணி வச்சிருக்கேன்."

"கீழே கையால எழுதியிருந்தாங்களே..."

"அத விடுங்க." சிரிப்பு நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பேப்பர் கைக்கு வாரதுக்குள்ள இந்த வீட்டுல நான் பட்டது எனக்குத்தான் தெரியும். புள்ளையக் கொல்லப் பாத்தவன்னு எங்க மாமியா வாயாலயே கேட்டேன். அதைக் காட்டித்தான் வாய அடைச்சேன். இன்னொருக்கப் பாத்து வேற மாரி வந்தா?"

செல்வி மடித்த சேலையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அவர் தம்பியின் கதை இந்தக் கல்லா வரை இன்னும் வரவில்லை என்பது அந்தக் கைகளிலேயே தெரிந்தது.

நான் என் பில்லின் பின்பக்கத்தில் பரிசோதனையின் பெயரைப் பெரிதாக எழுதினேன். பையன் திரும்பி வந்தபோது நீட்டினேன். "தம்பி, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க. ஒரு துளி ரத்தம்தான். இதைப் பாக்காம மலேரியா மாத்திரை எதுவும் போட்டுக்காதீங்க."

"என்னது சார் இது?" என்று கை நீட்டினான்.

"ஏல, அங்கன கஸ்டமர் நிக்காவ, போயிக் கவனி" என்றார் பெரியம்மா. அவன், "வந்துடறேன் சார்" என்று போய்விட்டான். பில்லைக் கல்லா மேசை மேல் வைத்தேன். பின்னால் இருந்தவர்கள் நெருக்க, வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். மேசை மேல் பில் இல்லை. சண்முகத்தாய் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். செல்வி மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

மறு வாரம் அதற்காகவே திருவான்மியூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். பையன் ஒடிசா போய்விட்டான். கல்லாவில் பெரியம்மா இருந்தார். செல்வி எனக்கு எதிரே நின்றார்.

"அந்த டெஸ்ட்..." என்று தொடங்கினேன்.

"வேட்டி சைஸ் சரியா இருந்துச்சா சார்?" என்றார் செல்வி. என் கண்ணை நேராகப் பார்த்துத்தான் கேட்டார். அந்தப் பார்வையை ஆமாம் என்று எடுத்துக்கொள்வதா, கேட்காதே என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"சரியா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பையனின் வயதைக் கேட்டிருந்தால் என் குறிப்புத் தாளுக்கு ஆண்டு கிடைத்திருக்கும். அது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

நித்யாவிடம் கேட்டேன். அந்தப் பெயரில் எங்கள் கூடத்துக்கு ரத்தம் எதுவும் வரவில்லை என்றார். வேறிடத்தில் பார்த்திருக்கலாம். பில்லை எடுத்தது யார் என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பையனுக்கு நொதி இருக்கிறதா, இல்லையா? இதை எழுதும் நாள்வரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.